ஏடும் கொன்றையும்

சித்திரை பிறக்கும் விஷு நாளின் விடியற்காலையில், மூடிய கண்களோடு பூஜையறை வரையில் கைப்பிடித்து அழைத்துச் செல்லப்படும் குழந்தை, கண் விழித்ததும் முதன்முதலாக எதைக் கணியாகப் பார்க்க வேண்டும் என்பதை மலையாள நாட்டுப் பெரியவர்கள் பன்னெடுங்காலத்துக்கு முன்பே தீர்மானித்து வைத்துவிட்டார்கள். துலக்கி வைத்த வெண்கல உருளியில் அரிசி, அதன்மேல் பொன்னிறமான கணிவெள்ளரி, தேங்காய், மாங்கனி, கோடி வஸ்திரம், நாணயம், வால்கண்ணாடி, பக்கத்தில் குத்துவிளக்கின் சுடர். இவை அனைத்துக்கும் நடுவே கொத்துக் கொத்தாகக் கொன்றைப்பூ, அந்தப் பூவை ஒட்டியே ஓர் ஏடு. சுவடி இருக்கிற வீட்டில் சுவடியும், இல்லாத வீட்டில் அச்சிட்ட ராமாயணமும் அந்த இடத்தைப் பெறும். கொச்சியின் மட்டாஞ்சேரியில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களுக்கு அன்று, அல்லது அதற்கு முந்தின நாள், வருஷப் பிறப்பு. எங்கள் வீடுகளில் வேப்பம்பூப் பச்சடி உண்டு. உண்பதற்கு முன்போ பின்போ, வீட்டுக்கு மூத்தவர் புதிய பஞ்சாங்கத்தை எடுத்து எல்லோரும் கேட்கும்படி உரக்க வாசிப்பதும் உண்டு.

மலையாளியின் கொன்றையானாலும் தமிழனின் வேப்பம்பூவானாலும், வருஷத்தின் முதல் நாளில் ஒரு பூவும் ஒரு புத்தகமும் சேர்ந்தே வருகின்றன. இதை வெறும் அலங்காரம் என்றோ சடங்கு என்றோ ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. நாள்தோறும் சிறிது நேரம் வாசிப்பதும், நாள்தோறும் சிறிது நேரம் வீட்டைச் சுற்றியுள்ள செடி கொடிகளைக் கவனிப்பதும் ஒரே அப்பியாசத்தின் இரண்டு பாதிகள் என்பதும், ஒன்றைக் கைவிட்டால் மற்றதும் குறைப்பட்டுப் போகும் என்பதும் என் நெடுநாளைய எண்ணம். அந்த எண்ணத்துக்குச் சாட்சி தேடி நான் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை; முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இதே கொச்சியில் அது மிகப் பெரிய அளவில் நடந்து முடிந்திருக்கிறது.

அந்தக் கதைக்கு முன், இவ்வூரின் வசந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பனி உருகிப் புல் தளிர்க்கிற மேனாட்டு வசந்தத்தைப் படங்களில் பார்த்துப் பழகியவர்கள், கொச்சியில் வசந்தம் என்று ஒரு ருதுவே இல்லை என எண்ணிவிடக்கூடும். இங்கே அது வெயிலோடு வருகிறது. மாசி கழிந்து, கடற்காற்றும் வெப்பத்தைத் தணிக்க மாட்டாத பங்குனி வந்ததும், இலையுதிர்த்து நின்ற மரங்கள் ஒவ்வொன்றாகப் பூவெடுக்கத் தொடங்குகின்றன. முள்முருங்கை சிவக்கிறது, வேம்பின் அடியில் சிறு வெண்பூக்கள் பொரி சிதறினாற்போல் கிடக்கின்றன, போர்ட் கொச்சிப் பரேடு மைதானத்தின் ஓரத்தில் குடைவிரித்து நிற்கும் தூங்குமூஞ்சி மரங்கள் இளஞ்சிவப்பான பூங்குஞ்சங்களை நடைபாதையில் உதிர்க்கின்றன. நீருக்குத் தவிக்கிற காலத்தில் மரம் பூப்பது விந்தையாகத் தோன்றினாலும் அதற்குத் தகுந்த காரணம் உண்டு. இலை மறைக்காத கிளையில் பூ இருந்தால் வண்டின் கண்ணுக்கு அது தூரத்திலிருந்தே தென்படும். மழை அடித்து மகரந்தத்தைக் கரைத்துவிடும் என்ற பயமும் இல்லை. வேம்பு இன்னும் ஒரு படி மேலே போய்க் கணக்குப் பார்க்கிறது. அதன் விதைக்கு முளைக்கும் சக்தி சில வாரங்களே நிலைத்திருக்கும். ஆகவே பங்குனியிலும் சித்திரையிலும் பூத்துவிட்டால்தான், ஜூன் மாதத்து மழையில் மண் நனைந்திருக்கும்போது பழம் விழும். இந்தக் கணக்கை அறிந்த பிறகு, பச்சடிக்காக முற்றத்தில் பொறுக்கும் வேப்பம்பூவைப் பார்க்கும் பார்வையே வேறாகிவிடுகிறது.

இனி அந்தக் கதை. 1663-ஆம் ஆண்டில் போர்ச்சுகீசியரிடமிருந்து கொச்சிக் கோட்டையை டச்சுக்காரர்கள் கைப்பற்றினார்கள். சில ஆண்டுகளுக்குப் பின், மலபார்ப் பகுதிக்குத் தலைமை அதிகாரியாக வந்து சேர்ந்தவர் ஹென்றிக் வான் ரீடு. மிளகுக்காக வந்த கம்பெனியின் உத்தியோகஸ்தர் அவர். தொழில் போரும் வியாபாரமும். ஆனால் இந்த மண்ணில் ஒரு சாண் நிலமும் வெறுமையாக இல்லாமல் ஏதாவதொரு பச்சை அடர்ந்திருப்பதைக் கண்டு அவர் மனம் அதிலே தோய்ந்துவிட்டது. கம்பெனிச் சிப்பாய்களுக்கு வேண்டிய மருந்துகள் கடல் கடந்து வந்துகொண்டிருக்க, இவ்வூர் வைத்தியர்கள் வேலியோரத்துச் செடிகளைக் கொண்டே பிணி தீர்ப்பதையும் அவர் கண்டார். இந்தச் செடிகளையெல்லாம் படத்தோடும் விவரத்தோடும் ஒரு நூலில் எழுதிவிட வேண்டும் என்று அவர் மேற்கொண்ட சங்கல்பமே, ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’, அதாவது மலபார்த் தோட்டம், என்ற மாபெரும் லத்தீன் கிரந்தமாக விளைந்தது. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் பன்னிரண்டு பாகங்களாக அது வெளிவந்தது. 742 தாவரங்களைப் பற்றிய விவரங்களும், அவற்றுக்குரிய செப்புத்தகட்டுச் சித்திரங்களும் அதில் அடங்கியுள்ளன. கடைசிப் பாகம் வெளிவருவதைக் காண வான் ரீடு உயிரோடு இல்லை. 1691 டிசம்பரில் சூரத்துக்குக் கப்பலில் செல்லும் வழியில் அவர் காலமானார்.

இந்நூலின் பெருமையை ஐரோப்பியர் பலவாறு பேசியிருக்கிறார்கள். என்னைக் கவர்வது அது உருவான விதம். வான் ரீடு மலையாளம் அறிந்தவரல்லர்; செடியை அறிந்தவர்கள் லத்தீன் அறிந்தவர்களல்லர். செடிகளின் குணத்தைச் சொல்வதற்கு முன்வந்தவர்களில் தலைசிறந்தவர் இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியர். கொச்சிக்குத் தெற்கே, சேர்த்தலை வட்டாரத்தைச் சேர்ந்த கரப்புறம் அவருடைய ஊர். பரம்பரை பரம்பரையாக வைத்தியம் செய்துவந்த குடும்பம் அவருடையது. அந்தக் குடும்பத்தில் வழிவழியாக வந்த ஏட்டிலுள்ளவற்றை அவர் வாசித்துச் சொல்லச் சொல்ல, இம்மானுவேல் கர்னேரோ என்னும் துபாஷி மலையாளத்திலும் போர்ச்சுகீசிய மொழியிலும் எழுதிக்கொண்டார்; பின்னர் அது லத்தீனுக்குச் சென்றது. இவரைத் தவிர, கொச்சியில் வாழ்ந்த கொங்கணி அந்தணர் மூவர், ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்பவர்கள், தங்கள் நிகண்டைக் கொண்டு செடிகளை ஒப்பிட்டுச் சொன்னார்கள். ‘மகாநிகண்டு’ என்று அந்த ஏட்டின் பெயரும் அவர்களுடைய சாட்சிப் பத்திரத்தில் காணப்படுகிறது. 1675 ஏப்ரல் 20 அன்று, கொன்றை பூத்துக் குலுங்கும் பருவத்தில், இட்டி அச்சுதன் தம் கையெழுத்தில் எழுதிக் கொடுத்த சாட்சிப் பத்திரமும் நூலின் முதல் பாகத்தில் அச்சாகியிருக்கிறது. அதன் லிபி கோலெழுத்து. நம்முடைய பழைய வட்டெழுத்தின் வம்சத்தில் வந்தது. மரம், செடி, கொடி, பூ, காய், விதை, சாறு, வேர் என்று வரிசையாகச் சொல்லி, அவற்றின் குணங்களைச் சந்தேகத்துக்கு இடமின்றி எடுத்துரைத்ததாக அவர் அதில் உறுதி கூறுகிறார்.

சற்று நின்று இந்தக் காட்சியை மனக்கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் விரித்த ஓலை. மறுபக்கம் வேரில் ஈரமண் ஒட்டியிருக்க அப்போதுதான் கொண்டுவந்த செடி. ஏட்டில் உள்ள பெயர் இந்தச் செடிக்குத்தானா என்று ஒருவர் கேட்கிறார்; இலையைக் கசக்கி மோந்து பார்த்து இன்னொருவர் ஆம் என்கிறார். ஏடு சொல்வதைச் செடியும், செடி காட்டுவதை ஏடும் சரிபார்க்கின்றன. வான் ரீடு தம் நூலின் முன்னுரையொன்றில் இந்த வேலை நடந்த முறையை எழுதிவைத்திருக்கிறார். முதலில் வைத்தியர்கள் தங்களுக்குத் தெரிந்த தாவரங்களின் பெயர்களைத் தத்தம் மொழியில் பட்டியலிட்டார்கள். பிறகு, எந்தப் பருவத்தில் எது தளிர்க்கும், எது பூக்கும், எது காய்க்கும் என்று அந்தப் பட்டியல் காலவாரியாகப் பிரிக்கப்பட்டது. அந்தக் காலக்கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் செடி கொண்டுவரும் ஆட்கள் காட்டுக்கும் மேட்டுக்கும் போனார்கள். மரத்தின் உச்சிக்கிளை வரையில் ஏறி, இலையும் பூவும் காயுமாக அவர்கள் கொண்டுவந்தவற்றைச் சித்திரக்காரர்கள் வாடுவதற்கு முன்னே வரைந்தார்கள். அந்தப் பருவப் பட்டியல்தான் என் மனத்தில் ஆழப் பதிந்த விஷயம். ஏடு நமக்காக எத்தனை காலமும் காத்திருக்கும். இன்று வாசிக்காவிட்டால் நாளை வாசிக்கலாம். பூ காத்திருக்காது. அச்சுதனும் அவருடைய கூட்டாளிகளும் ஏட்டை வாசிக்கும் நேரத்தையே பூவின் காலத்துக்கு இசைய வகுத்துக்கொண்டார்கள்.

இந்த உழைப்பின் பலன் உலகமெங்கும் பரவியது. செடிகளுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை 1753-இல் நிலைநாட்டிய ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ், இந்நாட்டுத் தாவரங்கள் பலவற்றை இந்நூலின் படங்களையும் விவரங்களையும் பார்த்தே அறிந்துகொண்டார். ஆகையால் மலையாளப் பெயர்கள் சில சாஸ்திரப் பெயர்களாகவே நிலைத்துவிட்டன. மகிழ மரத்துக்கு ‘மிமுசோப்ஸ் எலெங்கி’ என்பது பெயர். அதில் உள்ள எலெங்கி, இங்கே அண்டை வீட்டார் ‘இலஞ்ஞி’ என்று சொல்கிற அதே வார்த்தைதான். இட்டி அச்சுதனின் பெயரால் ‘அச்சுதேமியா’ என்று ஒரு செடிக்குலத்துக்கே பெயர் சூட்டப்பட்டது. பெயர்களுக்குள் சரித்திரமும் ஒளிந்திருக்கும். முந்திரி மரத்தை இந்நூல் ‘கப்ப மாவு’ என்று குறிக்கிறது. கப்பலில் வந்த மா என்று அதற்கு அர்த்தம். போர்ச்சுகீசியர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த மரத்துக்கு மக்கள் வைத்த பெயரிலேயே அது வந்த வழி பதிந்துவிட்டது. வேர்க்கடலையும் அவ்வாறு வந்ததே. மலையாளத்தில் அதற்குக் ‘கப்பலண்டி’ என்று பெயர். மட்டாஞ்சேரியில் கப்பலண்டி முக்கு என்னும் நாற்சந்தியை நாள்தோறும் கடந்து போகிறவர்கள், ஒரு தாவர சரித்திரத்தைக் காலால் மிதித்துக்கொண்டு போகிறார்கள் என்றே எனக்குத் தோன்றும்.

புத்தகத்துக்கும் மரத்துக்கும் உள்ள உறவு பெயரோடு நின்றுவிடவில்லை. நம் முன்னோர் வாசித்த ஏடே ஒரு மரத்தின் இலைதானே. பனையோலையைத் தவிர, குடைப்பனை என்னும் தாளிப்பனையின் அகன்ற ஓலையிலும் மலையாள நாட்டில் ஏடுகள் எழுதப்பட்டன. அந்தக் குடைப்பனை தன் ஆயுளில் ஒரே ஒரு முறைதான் பூக்கும். முப்பது முதல் எண்பது ஆண்டுகள் வரை ஓலை விரித்தபடியே நின்று, பின் ஒரு நாள் உச்சியில் மாபெரும் பூங்குலையை எழுப்பி, காய்த்து, அத்தோடு மடிந்துபோகும். இன்னொரு மரம் ஏழிலைப்பாலை. அதன் மென்மையான பலகையில் பள்ளிப் பிள்ளைகள் எழுதிப் படித்ததால், கல்வியைக் குறிக்கும் ‘ஸ்கோலாரிஸ்’ என்னும் அடைமொழியைத் தாவர சாஸ்திரிகள் அதற்குத் தந்தார்கள். அந்தப் பெயரைப் படித்த பிறகு, ஐப்பசி கார்த்திகையில் அதன் பூமணம் மாலைக் காற்றில் வரும்போது, பலகையில் அகரம் எழுதிய ஏதோ ஒரு குழந்தையின் கை எனக்கு நினைவுக்கு வரும்.

பார்க்காமல் வாசித்தால் என்ன நேரும் என்பதற்கு என் வாழ்க்கையே உதாரணம். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டைக் கல்லூரி நாளில் பாடம் கேட்டேன். அதில் 99 பூக்களின் பெயர்கள் அடுக்கி வருகின்றன என்பது தமிழ் படித்த எல்லோரும் அறிந்தது. ஏட்டில் கிடந்த அந்தப் பாட்டை உள்ளடக்கிய பத்துப்பாட்டை உ. வே. சாமிநாதையர் 1889-இல் அச்சிட்டுத் தந்த பிறகே நாம் அதை எளிதில் வாசிக்க முடிந்தது. அத்தனை பெயர்களையும் ஒரு மூச்சில் ஒப்பித்து ஆசிரியரின் பாராட்டைப் பெற்றவன் நான். வகுளம் என்பது மகிழம்பூ என்று உரையிலிருந்தும் தெரிந்துகொண்டேன். ஆனால் பல்லாண்டுகள் கழித்து, ஒரு கோயில் பிராகாரத்தில் விடியற்காலையில் மரத்தடியில் உதிர்ந்து கிடந்த சிறு நட்சத்திரப் பூக்களைச் சிறுமிகள் பொறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து நின்றபோதுதான், உண்மையில் அதை அறிந்தேன். அந்தப் பூ காம்பை விட்டு உதிரும்போதே நடுவில் ஒரு துளையோடு உதிர்கிறது. ஊசியில்லாமலே, நாரில் கோத்துவிடலாம். கையில் எடுத்து மோந்ததும், என் பாட்டி புடவைப் பெட்டியில் வைத்திருந்த காய்ந்த சரத்தின் வாசனை வந்தது. வாடி உலர்ந்தும் மணம் மாறாத பூ அது. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் என் சிறுவயதில் வந்த வாசனைக்கும், பரீட்சைக்காக நான் ஒப்பித்த வகுளத்துக்கும், இவ்வூரார் சொல்லும் இலஞ்ஞிக்கும் பொருள் ஒன்றே என்பது அன்றைக்குத்தான் எனக்குப் பிரத்தியட்சமாயிற்று. அன்று வீடு திரும்பிக் குறிஞ்சிப்பாட்டை எடுத்து மறுபடி வாசித்தேன். பட்டியலாக இருந்தது தோட்டமாகத் தெரிந்தது.

வாசிக்காமல் பார்ப்பதிலும் அதே குறை உண்டு. போன விஷுவுக்கு மறுநாள், பக்கத்து வீட்டுச் சிறுமி, கணி வைத்த உருளியிலிருந்து ஒரு கொன்றைக் கொத்தை எடுத்துக்கொண்டு எங்கள் திண்ணைக்கு வந்தாள். நான்காம் வகுப்பு படிக்கிறவள். எதையும் எண்ணிப் பார்க்கிற பழக்கம் உள்ளவள். கொத்தின் மேற்பக்கத்தில் விரிந்த பூக்களும், கீழ் நுனியில் பயறு போன்ற மொட்டுகளும் தொங்கின. ஒரு பூவைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, “தாத்தா, இதழ் அஞ்சு. ஆனா உள்ளே இருக்கிற இந்த நூல் எல்லாம் ஒரே மாதிரி இல்லையே!” என்றாள். “எண்ணிப் பாரும்மா” என்றேன். எண்ணினாள், பத்து. மூன்று மட்டும் நீளமாக, கொக்கிபோல் மேல்நோக்கி வளைந்திருந்தன, நான்கு நடுத்தரம், மீதி மூன்று மிகச் சிறியவை. “எதுக்கு மூணு மட்டும் இப்படி வளைஞ்சிருக்கு?” என்ற கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. அறுபது விஷுவுக்கு மேல் கொன்றையைப் பார்த்திருக்கிறேன். அதன் உள்ளே மூன்று விதமான கேசரங்கள் இருப்பதை ஒரு குழந்தை சொல்லித்தான் கண்டேன். அன்று மாலை புத்தகங்களைப் புரட்டியதில் விடை கிடைத்தது. கொன்றைப்பூவில் தேன் கிடையாது. அது வண்டுக்குக் கொடுப்பது மகரந்தத்தையே. பெரிய கருவண்டு வந்து நடுத்தரக் கேசரங்களைப் பற்றிக்கொண்டு ரீங்காரமிட்டு உலுக்கித் தன் உணவைத் திரட்டும்போது, வளைந்த நீளக் கேசரங்கள் அதன் உடம்பில் வேறிடத்தில் தங்கள் மகரந்தத்தைத் தடவி அனுப்பிவிடுகின்றன. ஒரு பங்கு வண்டின் வயிற்றுக்கு, ஒரு பங்கு விதைக்கு. மறுநாள் காலையில் இருவரும் தெருக்கோடிக் கொன்றையின் கீழ் நின்று, வண்டு வரும் வரையில் காத்திருந்தோம். அது வந்து அமர்ந்ததும் கிளை அதிர எழுந்த ரீங்காரத்தைக் கேட்டு, “அது சாப்பிடற சத்தம்” என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

பார்த்தது கேள்வியாகி, கேள்வி எங்களைப் புத்தகத்துக்கு அனுப்பி, புத்தகம் மறுபடியும் மரத்தடிக்கு அனுப்பிய அந்த இரண்டு நாள் சுற்றையே, ஆயுள் முழுவதும் ஒரு தபசாகச் செய்தவர் பேராசிரியர் கா. சு. மணிலால். கொச்சிக்கு அருகேயுள்ள பறவூரில் 1938-இல் பிறந்து, கோழிக்கோடு சர்வகலாசாலையில் தாவர சாஸ்திரம் கற்பித்தவர். மலபாரின் செடிகளைப் பற்றிய மாபெரும் நூல் லத்தீனில் உறங்கிக் கிடக்க, மலபார் மக்களுக்கே அதை வாசிக்க வழியில்லாத நிலையை அவர் மாற்றினார். லத்தீனைப் பெயர்ப்பதோடு அவர் திருப்தியடையவில்லை. வான் ரீடின் ஆட்கள் போன இடங்களுக்கெல்லாம் தாமும் தம் மாணவர்களும் போய், படத்தில் உள்ள செடியை மண்ணில் தேடிக் கண்டு, இன்றைய பெயரோடு ஒப்பிட்டு, அதன் பிறகே எழுதினார். பல பத்தாண்டுகள் சென்ற அந்த உழைப்பின் பயனாக, கேரள சர்வகலாசாலை 2003-இல் ஆங்கிலப் பதிப்பையும் 2008-இல் மலையாளப் பதிப்பையும் வெளியிட்டது. முதல் பாகம் அச்சேறி 325 ஆண்டுகள் கழிந்த பிறகு வந்த முதல் முழு மொழிபெயர்ப்பு அது. 2020-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2025-ஆம் ஆண்டின் முதல் நாளன்று காலமானார். ஒரு நூலை எப்படி வாசிக்க வேண்டும் என்று யாரேனும் என்னைக் கேட்டால், மணிலால் ஹோர்த்துஸை வாசித்ததுபோல என்றுதான் சொல்வேன்.

அவ்வளவு பெரிய காரியம் எல்லோராலும் ஆகிறதல்ல. ஆனால் அதன் சிறு வடிவம் யார் வீட்டிலும் சாத்தியம். கிராமந்தோறும் வாசகசாலை எழுப்பிக் கேரளத்தின் நூலக இயக்கத்தை வளர்த்த பி. என். பணிக்கர் மக்களுக்குத் தந்த மந்திரம், “வாயிச்சு வளருக” என்பது; வாசித்து வளர்க என்று பொருள். அவர் மறைந்த ஜூன் 19-ஆம் தேதியை வாசிப்பு தினமாக இங்கே கொண்டாடுகிறார்கள். அந்த மந்திரத்தில் உள்ள ‘வளர்க’ என்ற சொல்லை நான் செடியோடு சேர்த்தே எண்ணுவது வழக்கம். ஒரே நாளில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஒரு மாதம் மறந்துபோனால் தொட்டியிலுள்ள மல்லிகை பிழைக்காது. நாள்தோறும் ஒரு செம்பு ஊற்றினால், பங்குனி வெயிலிலும் அது மொட்டுக் கட்டும். விடுமுறையில் ஒரே மூச்சில் பத்துப் புத்தகம் வாசிப்பவரைவிட, தினம் பத்துப் பக்கம் வாசிப்பவருக்கே வாசிப்பு உடம்பில் ஒட்டும். ஆடி மாதத்து மழையில், இவ்வூர் வீடுகளில் நாள்தோறும் விளக்கேற்றி ராமாயணம் வாசிக்கிறார்கள். அதே மாதத்தில் அறுகு, கரிசலாங்கண்ணி, முடக்கத்தான் முதலிய தசபுஷ்பங்களை முற்றத்திலிருந்து தேடிக்கொண்டு வந்து வைக்கிறார்கள். நாள் தவறாமை என்னும் விரதத்தை வாசிப்புக்கும் செடிக்கும் பொதுவாக்கிய அந்தப் பழக்கம் எவ்வளவு அறிவுடையது.

ஆகவே, செய்ய விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். விடியற்காலை அரைமணி நேரம் வாசியுங்கள். கதையோ கவிதையோ சரித்திரமோ, உங்கள் மனத்துக்கு உகந்தது எதுவானாலும் சரி. வாசித்து முடித்ததும் பத்து நிமிஷம் வெளியே வந்து, ஒரே ஒரு செடியை மட்டும் பாருங்கள். தோட்டம் வேண்டுமென்பதில்லை, மாடிப்படியில் வைத்த நந்தியாவட்டையும், சுவரில் ஏறிய சங்குப்பூவும், தெருமுனையில் நிற்கும் வேம்பும் போதும். நேற்று மொட்டாக இருந்தது இன்று எவ்வளவு விரிந்தது, எந்தப் பூச்சி வந்தது, எத்தனை பூ உதிர்ந்தது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒற்றை வரி எழுதிவையுங்கள். ஒரு வருஷத்தில் அது உங்கள் வீட்டுப் பஞ்சாங்கமாகிவிடும். ஜப்பான் தேசத்துக் கியோட்டோ நகரில், செர்ரி மரங்கள் பூத்த நாளைப் பிரபுக்களும் துறவிகளும் தங்கள் நாட்குறிப்பில் எழுதிவைத்த வரிகள் ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கின்றன. அவற்றைக் கோத்துப் பார்த்ததால்தான், 2021-இல் மார்ச் 26 அன்று பூத்ததே அதுவரையிலான ஆயிரத்திருநூறு ஆண்டுகளில் மிக முந்தியது என்று கண்டுகொள்ள முடிந்தது. பூமி சூடேறுவதற்கு அது ஒரு சாட்சியாகவும் நிற்கிறது. விஷு வருவதற்கு முன்னரே கொன்றை பூத்து உதிர்ந்துவிடுகிறதென்று நம்மவர்களும் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். ஆனால் என் பாட்டனார் காலத்தில் அது எந்தத் தேதியில் பூத்தது என்று சொல்ல எங்கள் வீட்டில் ஒரு வரிகூட இல்லை. ‘சீசன்வாட்ச்’ என்னும் திட்டத்தில் சேர்ந்து, வாரந்தோறும் ஒரு மரத்தின் தளிரையும் பூவையும் காயையும் பார்த்துக் குறித்துவருகிற கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள் அந்தக் குறையைத் தீர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்பது மனத்துக்கு ஆறுதல்.

என் நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, ஆண்டுதோறும் அதே பக்கத்தில் ஒரு வரி எழுதிவருகிறேன். அன்று வாசித்த நூலின் பெயர் இடப்புறம், பார்த்த பூ வலப்புறம். சித்திரை முதல் தேதிக்குரிய பக்கத்தின் இடப்புறத்தில் ஆண்டுதோறும் பஞ்சாங்கம் என்றே இருக்கிறது. வலப்புறம் ஒருபோதும் ஒன்றுபோல் இல்லை. ஒரு வருஷம் வேம்பு காய்க்கத் தொடங்கிவிட்டது; ஒரு வருஷம் கொன்றை பாதிதான் பூத்தது. சென்ற ஆண்டு வரிக்குக் கீழே, பக்கத்து வீட்டுச் சிறுமி தன் குண்டெழுத்தில் ‘மூணு நீளம், நாலு நடு, மூணு குட்டி’ என்று எழுதி, ஒரு கொன்றை இதழையும் ஒட்டிவைத்திருக்கிறாள். மஞ்சள் வெளுத்துவிட்டது, ஆனாலும் ஒளிக்கு நேரே பிடித்தால் நரம்புகள் ஓலையில் கீறிய எழுத்துப்போல் இன்றும் தெரிகின்றன. அந்த ஒட்டிய இதழுக்குக் கீழே, வருகிற சித்திரைக்காக ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன்.